பிள்ளை எங்க?

பம்பலப்பிட்டியில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
மூன்றாம் மாடி.
வரவேற்பு மேசைப் பெண்
என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"பிள்ளை எங்க, அன்ரி?"

எனக்கு நாற்பத்திமூன்று வயது.
இரண்டு கிழமையாய் ஒத்திகை பார்த்த வசனங்களில்
இதற்கு விடை இருக்கவில்லை.
"நான்தான்."
அவள் பேனையை ஒருமுறை மூடித் திறந்தாள்.

கதிரைகள் எல்லாம் முழங்கால் உயரம்.
மஞ்சளில் குந்தினேன்.
சுவரில் ஒரு யானைக்கு ஐந்து கால்,
அல்லது ஒன்று வால்.
பெயர் கூப்பிடும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

படிவம் ஒரு பக்கம் ஆங்கிலம், மறு பக்கம் சிங்களம்.
தமிழ் முடிந்துவிட்டதாம்.
"விருந்துகளுக்குப் போவது எனக்குப் பிடிக்கும்:
ஆம், ஓரளவு, இல்லை."
யாருடைய விருந்து?
ஸ்பீக்கர் எந்தப் பக்கம்?
வெளியே நிற்க ஜெனரேட்டர் அறை மாதிரி ஏதும் உண்டா?
ஓரத்தில் எழுதினேன். ஓரம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.
டொக்டர் இரேஷா வீரக்கோன்
புள்ளடிகளை விட்டுவிட்டு
முதலில் அந்த ஓரங்களைத்தான் வாசித்தார்.

சிறுவயதில் உங்களைத் தெரிந்தவர் யாராவது?
அம்மா போய்ப் பதினொரு வருஷம்.
பள்ளி ரிப்போட்டுகள் தொண்ணூற்றைந்தில் வீட்டோடு போயின.
மிச்சம் அக்கா, ஸ்காபரோவில், விடியப்புறம் மூன்றரைக்கு
அலாரம் வைத்து எழும்பி, போனில்:

"அவளுக்கு ஒண்டுமில்லை டொக்டர்.
கணக்கில எப்பவும் நூறு.
சட்டைக் கழுத்து லேபலை பிளேட்டால வெட்டிப்போடுவாள்.
ஆர் வந்தாலும் கட்டிலுக்குக் கீழ.
மூண்டு தரம் கூப்பிட்டாலும் கேளாது.
நிலாமதி மாமி செத்த வீட்டில
சவப்பெட்டி ஆணியை எண்ணிச் சொன்னவள், சத்தமா.
மற்றும்படி ஒண்டுமில்லை."

டொக்டரின் பேனை நிற்கவேயில்லை.

"சத்தத்துக்குப் பயந்தீர்களா?"
எந்தச் சத்தத்துக்கு, டொக்டர்?
ஹெலி வந்தால் முழு ஊரும் காதைப் பொத்தும்.
அந்தக் கூட்டத்துக்குள்
என் இரண்டு கையை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பீர்கள்?
ஒன்று சொல்லலாம்.
சில்வர் தட்டில் கரண்டி உரசினாலும் நான் பொத்தினேன்.
அதற்கு வீட்டில் அடி விழுந்தது.

இன்னொன்றும் உண்டு, இதுவரை யாருக்கும் சொல்லாதது.
பங்கருக்குள் எனக்குப் பிடித்திருந்தது.
இருட்டு. இரண்டு பக்கமும் மண் நெருக்கிப் பிடிக்கும்.
ஒருவரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.
எல்லாரும் கடவுளைக் கூப்பிட,
இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்று நான் நினைத்தேன்.
அதற்காக வெட்கப்பட்டே முப்பது வருஷம்.

அவர் தலை நிமிர்த்தவில்லை.
நிமிர்த்தாததற்கு நன்றி.

அருளப்பு மாமா படலையில் நின்று
"போயிட்டு வாறன்" என்றவர்.
ஆள் போய்விட்டார் என்று மற்றவர்களுக்கு விளங்கிற்று.
நான் வருவார் என்றிருந்தேன், மாரி முடியும்வரைக்கும்.
சொன்னாரே.

நான்காவது தடவை ஒரு கடிதம் தந்தார்.
ஓட்டிசம்.
தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள்,
முடிச்சு விழுந்த கயிறு மாதிரி.
எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.
மதி என்றால் நிலவும்தானே, அதை யார் இறுக்கினது
என்று கேட்டேன்.
டொக்டருக்குத் தமிழ் தெரியாது.
விளங்கப்படுத்த ஏழு நிமிடம் எடுத்தது,
அதற்கும் காசு வாங்கவில்லை.

வெள்ளவத்தை ஸ்டேஷன், பின்னேரம்.
அளுத்கமைக்குப் போகிற கடுகதி நிற்காமல் வந்தது.
முடியை ஒதுக்குவதுபோல் நடிக்காமல்,
தோட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல் நடிக்காமல்,
இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தினேன்.
கடைசிப் பெட்டி தாண்டும்வரை பொத்தினேன்.

இஸ்ஸோ வடைக்காரர் கேட்டார்:
"தலையிடியா மிஸ்?"
"இல்லை. சத்தம்."
"ஓம், சரியான சத்தம்" என்றுவிட்டு
மிச்சக் காசை எண்ணத் தொடங்கினார்.
பத்து ரூபாய் குறைந்தது.
சொன்னேன்.